துடைப்ப வண்டி முந்திப் போன நாள்

கோல்தோவுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதையே சொல்லிச் சொல்லி உர்பிசு என்ற மலைநாட்டு ஊரில் அத்தனை பேர் காதையும் புளிக்க வைத்திருந்தார்.

"இருபத்திரண்டு வருசமா துடைப்ப வண்டி ஓட்டறேன். ஒருத்தனைக்கூடப் பின்னாடி விட்டுட்டு வந்ததில்ல."

ஐந்து பள்ளத்தாக்குச் சுற்று என்கிற சைக்கிள் பந்தயத்தில் முதலில் வருபவனைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் உண்டு. கடைசியில் வருபவனுக்குக் கோல்தோதான் உண்டு. கூரையில் துடைப்பம் கட்டிய வெள்ளை வேன் ஐந்து நாளும் கடைசி வீரனின் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து வரும். முடியாதவன் அதில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் நடுவர் அவன் முதுகிலிருந்து நம்பரைக் கழற்றி வாங்கிக்கொள்வார். அதோடு பந்தயம் அவனுக்கு முடிந்தது. வண்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது, அதுதான் பெரிய வேலை. துடைப்பம் கடந்து போகும்வரை பந்தயச் சாலையில் ஒரு வண்டியும் இறங்கக்கூடாது. துடைப்பம் போனால் சாலை திறந்தது என்று அர்த்தம்.

இதைச் சட்டமாக எழுதி யாரும் கொடுக்கவில்லை. பந்தயத்தின் சரித்திரம் எழுதியது அது. துப்பாக்கி செய்துகொண்டிருந்த உர்பிசுப் பட்டறைகள் சைக்கிளுக்கு மாறிய காலத்தில், ஐம்பத்து நான்கில், பட்டறைக்காரர்களே தொடங்கிய பந்தயம் இது. முதல் பரிசு ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு கன்றுக்குட்டியும். ஜெயித்தவன் கன்றைப் பந்தயம் முடிந்த இடத்திலேயே விற்றுவிட்டான், கடிகாரம் ஓடவே இல்லை. கராய்ட்ஸ் மலையுச்சியில் யாரோ தடைசெய்யப்பட்ட மலைநாட்டுக் கொடியை நட்டதற்காக ஒரு வருடம் அரசாங்கம் பந்தயத்தை நிறுத்தியது. மூன்று வருடம் கைக்காசு இல்லாமல் அதுவாகவே நின்றது. இதையெல்லாம் உர்பிசுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒன்பதாவது பந்தயத்தைப் பற்றி மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

ஒன்பதாவது பந்தயத்தில் துடைப்ப வண்டிக்காரனுக்குப் பசி. கடைசி ஆளைத் தாண்டி வேகமாகக் கீழே இறங்கிவிட்டான். சாலை திறந்துவிட்டது என்று நினைத்து ஒரு மர லாரி கராய்ட்ஸ் இறக்கத்தில் புறப்பட்டது. அன்செல்மோ என்ற உள்ளூர்ப் பையன் மூன்றாவது வளைவில் செத்துப்போனான். அந்த வண்டிக்காரன் ஊரைவிட்டே போனான். நாலு வருடம் அந்த வேனை ஓட்ட நிரந்தர ஆள் கிடைக்காமல் பந்தயம் தள்ளாடியது. கடைசியில் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கோல்தோ சரி என்றார். சாவியை வாங்கிய அன்று அன்செல்மோவின் நினைவுக் கல்லுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். அங்கே என்ன சொன்னார் என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எண்பத்தெட்டு மே மாதம், முப்பத்தொன்றாவது பந்தயம், நான்காம் நாள். கராய்ட்ஸ் ஏற்றத்தில் மூடுபனி பால் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியிருந்தது. மழை வேறு சிணுங்கிக்கொண்டிருந்தது. கோல்தோ மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்து ஓட்டினார். பக்கத்தில் நடுவர் எதுர்னே உட்கார்ந்திருந்தாள். உர்பிசுவில் மருந்துக்கடை வைத்திருப்பவள், அறுபது வயது, வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய். அவள் மடியில் மூன்று நம்பர் துணிகள். அந்த நம்பர்களுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கிளம்பியவர்கள் தொண்ணூற்று நாலு. கடைசியில் போய்க்கொண்டிருப்பது எண்பத்தேழாம் நம்பர், எவுசேபியோ. முப்பத்து நாலு வயது. தெற்கே எஸ்த்ரெமதூராச் சமவெளியில் பிறந்து, பதினாலு வருடமாக மற்றவர்கள் ஜெயிப்பதற்காகத் தண்ணீர்க் குப்பி சுமக்கிறவர்.

"இவன் ஏறுற வேகத்துல நான் பின்னல் எடுத்துட்டு வந்திருக்கலாம், ஒரு சட்டையே முடிச்சிருப்பேன்," என்றாள் எதுர்னே.

"மெதுவா போகட்டும் நடுவரம்மா. நமக்கென்ன, சோறு ஆறிப்போகுதா?"

"ஆறித்தான் போகுது. உனக்கென்ன, உன் பொண்டாட்டி சூடுபண்ணித் தருவா."

உச்சிக்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போது பனி இன்னும் இறுகியது. வேனின் வெளிச்சம் இருபது அடிக்கு மேல் போகவில்லை. எவுசேபியோவின் கறுப்பு மழைச்சட்டை ஒரு நிமிடம் தெரிந்தது, ஒரு நிமிடம் மறைந்தது. உச்சியில் கூட்டம். மலையேறிப் பார்க்க வந்தவர்களின் முன்னூறு கார்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனபோது முன்னால் கறுப்பு மழைச்சட்டை மறுபடி தெரிந்தது. அது இறக்கத்தில் திரும்பியது. கோல்தோ நிம்மதியாகப் பின்தொடர்ந்தார். துடைப்பம் கடந்ததும் கயிற்றுக்காரர்கள் கயிற்றைத் தரையில் போட்டார்கள்.

எதுர்னே கண்ணாடியை இறக்கி, முறைப்படி கேட்டாள்.

"ஏறிக்கறீங்களா?"

மழைச்சட்டைக்காரர் திரும்பாமல் கையை ஆட்டினார். "வேணாம், வேணாம். நான் போயிருவேன்."

"பாத்தீங்களா," என்றார் கோல்தோ. "இந்தக் குளிர்ல இறங்கறான். இதுக்குப் பேர்தான் நெஞ்சுரம்."

"நெஞ்சு இருக்கட்டும். பின்னாடி பாத்தா கொஞ்சம் குண்டாத் தெரியறானே?"

"காத்து உள்ள பூந்திருக்கு, சட்டை உப்பியிருக்கு. ஒங்களுக்கு எதுலதான் குறை தெரியாது?"

எட்டு கிலோமீட்டர் அப்படியே இறங்கினார்கள். கோல்தோ வளைவுக்கு வளைவு வெளிச்சத்தை அவருக்கு முன்னால் பாய்ச்சி, தாய் பிள்ளையைக் கூட்டிப் போவது போலக் கூட்டிப்போனார். ஓலாபே என்ற சிற்றூரில், அடிவாரத்துக்குச் சற்று மேலே, மழைச்சட்டைக்காரர் இடது கையை நீட்டி, பந்தயச் சாலையை விட்டு ஒரு பண்ணைவீட்டு வாசலுக்குள் திரும்பினார். காலை ஊன்றி நின்று, சட்டையின் தலைமூடியைப் பின்னால் தள்ளினார்.

கறிக்கடை பிஷென்தே.

"ரொம்ப நன்றி கோல்தோ," என்றார் பிஷென்தே, முகமெல்லாம் சிரிப்பாக. "நீ மட்டும் வெளிச்சம் காட்டலேன்னா இன்னிக்கு ஏதாவது பள்ளத்துல கிடந்திருப்பேன்."

இந்த மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு வாய்க்கும். பந்தயம் பார்க்கப் போகிறவன் காரில் போனால் போதாதா? போதாது. தனக்குப் பிடித்த அணியின் சட்டையை அச்சு அசலாக வாங்கி மாட்டிக்கொண்டு, தானும் சைக்கிளில் மலையேறி, வீரர்கள் போனதும் அவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கினால்தான் திருப்தி. மழைச்சட்டை போட்டால் முதுகு நம்பரும் தெரியாது. நூற்றிப்பத்துக் கிலோ பிஷென்தேயை எட்டு கிலோமீட்டர் பந்தய வீரராகக் கூட்டிவந்திருக்கிறார் கோல்தோ.

கோல்தோ கண்ணாடியில் வந்த வழியைப் பார்த்தார்.

"பிஷென்தே," என்றாள் எதுர்னே, மிகவும் மெதுவாக. "உனக்குப் பின்னாடி யாராச்சும் வந்தாங்களா?"

"எனக்குத் தெரியாதே. எனக்குப் பின்னாடி நீங்கதான வந்தீங்க."

எவுசேபியோ மேலே இருக்கிறார். கயிறு விழுந்துவிட்டது. முன்னூறு கார்கள் பனிக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும், சாலையில் யாரும் இல்லை என்ற நம்பிக்கையோடு. எதுர்னே ரேடியோவை எடுத்துக் கத்திப் பார்த்தாள். மலை இடுக்கில் அது வெறுமனே கரகரத்தது.

கோல்தோ பிஷென்தேயின் வாசலுக்குள்ளேயே வேனை விட்டு, ஒரு பூந்தொட்டியை உடைத்துத் திருப்பினார். பின்னால் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க போறோம்?"

"மேல."

"அந்த மலைக்கா? அதுலேர்ந்து தப்பிக்கத்தானய்யா வண்டில ஏறினோம். நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

கோல்தோ கியரை மாற்றினார்.

ஏறினார்கள். துடைப்ப வண்டி எதிர்த்திசையில் மலையேறி வருவதை அந்தப் பள்ளத்தாக்கில் எவனும் பார்த்ததில்லை. எதிரே வந்த முதல் கார் பிணம் நடந்து வருவதைக் கண்டதுபோல நின்றது. கோல்தோ தலையை வெளியே நீட்டினார்.

"மேல சைக்கிள்ல ஒருத்தனைப் பாத்தீங்களா? எண்பத்தேழாம் நம்பர்?"

"இல்லியே. கயிறு விழுந்ததும் கிளம்பிட்டோம். ஏன், எல்லாரும் போயிட்டாங்கதான?"

கேட்டு முடிப்பதற்குள் காரோட்டியின் முகம் மாறியது. அவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் கோல்தோவுக்கு அழுகையே வந்துவிட்டது. செத்தவனுக்குக் கழற்றுவதைப் போலக் கழற்றிவிட்டாரே, பாவி.

இரண்டாவது கார், மூன்றாவது கார். ஒன்பது கார்கள் வந்தன. ஒருவரும் எவுசேபியோவைப் பார்க்கவில்லை. ஒன்பதுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கோல்தோ ஒரு வளைவு ஏறினார், இரண்டு வளைவு ஏறினார். சாலை காலியாகக் கிடந்தது. மழை கூரையில் கொட்டுவது மட்டும் கேட்டது.

"முன்னூறு காரு மேல நின்னுச்சு," என்றார் கோல்தோ. "ஒம்போதுதான் வந்திருக்கு. மிச்சமெல்லாம் எங்க?"

எதுர்னே மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள். "ஓட்டு," என்றாள்.

"வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். எதுமேலயோ ஒண்ணு மோதி நிக்குது. அன்னிக்கும் இப்படித்தான். லாரிக்குப் பின்னாடி ஒரு வண்டியும் வரலேன்னு சொல்லுவாங்க."

"ஓட்டு கோல்தோ. பாத்துட்டு அழலாம்."

"நான் அவன் கல்லுக்கு முன்னாடி நின்னு சொன்னேன் எதுர்னே. இனி ஒருத்தன் உன்ன மாதிரிப் போகமாட்டான்னு சொன்னேன்." இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

மூன்றாவது வளைவுக்குக் கீழே, பனிக்குள் மஞ்சள் வெளிச்சம் ஒன்று துடித்தது. அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. மலையில் எவ்வளவு உயரம் கண்ணுக்கு எட்டியதோ அவ்வளவு உயரத்துக்கும் விளக்குகள் துடித்தன. கோல்தோ வேனை நிறுத்தினார். விபத்து நடந்த இடத்தில் வண்டிகள் இப்படித்தான் விளக்கைத் துடிக்கவிட்டு நிற்கும்.

"கோல்தோ," என்றாள் எதுர்னே. "அது நிக்கல. நகருது."

நகர்ந்தது. நடக்கிற மனுஷனின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தது. முதல் வெளிச்சத்துக்கு முன்னால், முழு வெளிச்சமும் தன்மேல் விழ, மழைச்சட்டை கூடச் சரியாக மாட்டாமல், உதறிக்கொண்டு, சபித்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி ஒருவர் சைக்கிளில் வந்தார். எண்பத்தேழாம் நம்பர்தான். அவருக்குப் பின்னால் ஒரு பழைய பாலாடைக்கட்டி வேன். அதன் கூரையில் மாட்டுக்கொட்டகை துடைப்பம் ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது.

கோல்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிருக்கு உடம்பில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. வேனைவிட்டு இறங்கி, சாலை நடுவில், மழையில், சும்மா நின்றார்.

எவுசேபியோ பிரேக் போட்டுக் காலை ஊன்றினார்.

"எங்கய்யா போயிருந்தீங்க?" என்றார். "வயித்தைக் கலக்குச்சு, உச்சில ஒரு குடிசைக்குப் பின்னாடி ஒதுங்கினேன். அஞ்சு நிமிசம்யா. வெளிய வந்து பாத்தா வண்டியக் காணோம். இந்த மலையை எட்டி உதைச்சிட்டு வண்டில ஏறிரலாம்னு காலைலேர்ந்து காத்துக்கிட்டிருந்தேன், ஏற வண்டிய வேணாமா?"

பாலாடைக்கட்டி வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கார்மெலே, மலைமேல் ஆடு வைத்திருப்பவள், நாற்பது வயது, கால்முட்டி வரை ரப்பர் பூட்ஸ்.

"மூணு தடவ என் வண்டில ஏறணும்னு கேட்டாரு," என்றாள். "நான் ஏத்தல. என்கிட்ட நடுவர் இல்ல. நடுவர் இல்லாம நம்பரை எப்படிக் கழட்டறது? நம்பர் முதுகுல இருக்கற வரைக்கும் நீ பந்தயக்காரன், ஓட்டுன்னு சொல்லிட்டேன்."

"கல்நெஞ்சுக்காரி," என்றார் எவுசேபியோ. "பாலாடைக்கட்டி மட்டும் ஒரு துண்டு குடுத்தா."

"துடைப்பம்?" என்று கேட்டாள் எதுர்னே.

"வண்டில கிடந்துச்சு. ஹெட்லைட்ல நம்பரைப் பாத்தேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. முன்னாடி துடைப்பம் போயிடுச்சு, பின்னாடி முன்னூறு காரு வருது, எல்லாருக்கும் நான் எப்படிச் சொல்றது? துடைப்பத்தைப் பாத்தா யாரும் தாண்டமாட்டாங்கல்ல." கார்மெலே தோளைக் குலுக்கினாள். "ஒருத்தரும் தாண்டல. பின்னாடி ஒரு கல்யாண வண்டியே மாட்டிக்கிட்டு நிக்குது. ஹாரன்கூட அடிக்கல."

கோல்தோ அந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு காரிலும் அன்செல்மோவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாமான் வாங்கப் போகவேண்டியவர்கள், பால் கறக்கப் போகவேண்டியவர்கள், முன்பின் தெரியாத ஒரு சமவெளிக்காரருக்குப் பின்னால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு வந்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் கடைசி ஆளைத் தான் ஒருத்தன்தான் காத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். அந்த நினைப்புப் பொய் என்று தெரிந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எதுர்னே எவுசேபியோவின் முதுகுப் பக்கம் போய், ஊசியில் விரலை வைத்தாள். முறைப்படி கேட்டாள்.

"ஏறிக்கறீங்களா?"

"எவ்வளவு தூரம்?"

"பன்னெண்டு. மூணு இறக்கம், மிச்சமெல்லாம் சமம்."

எவுசேபியோ பின்னால் திரும்பிப் பார்த்தார். கார்க் கண்ணாடிகளை இறக்கி ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை, காத்திருந்தார்கள்.

"ஊசில கைய வைக்காதீங்கம்மா," என்றார். "சமவெளில பொறந்தவன் நான். இத்தன பேருக்கு முன்னாடி வண்டில ஏறினா எங்கம்மா மூஞ்சில முழிக்க முடியுமா?"

கோல்தோ அவசரமாக வேனில் ஏறி, திருப்பி, தன் பழைய இடத்தைப் பிடிக்கப் பார்த்தார். கார்மெலே வழிவிடவில்லை.

"வரிசைல நின்னு வா கோல்தோ," என்றாள். "எடத்த விட்டுட்டுப் போனவங்களுக்கெல்லாம் கடைசில தான் எடம்."

வரிசையில் வந்த அத்தனை கார்களும் கடந்து போகும்வரை துடைப்ப வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு கேலி வந்தது. "என்ன கோல்தோ, வழி தெரியலியா?" "பிஷென்தே எத்தனாவதா வந்தான்?" ஓலாபேயிலிருந்து மலைக்கு அந்தச் செய்தி எப்படி அதற்குள் வந்தது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. கல்யாண வண்டி மணமகள் முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டாள். கோல்தோ எல்லாவற்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். இன்னும் ஆயிரம் கேலி வந்தாலும் வாங்கியிருப்பார்.

உர்பிசுவில் முதல் வீரர் வந்த முப்பதாவது நிமிடத்தில் முடிவுக் கோட்டை மூடவேண்டும் என்பது விதி. எவுசேபியோ ஐம்பத்தோராவது நிமிடத்தில் வந்தார். பதாகையை அவிழ்க்க ஏணியில் ஏறியிருந்தவர், சாலை முழுக்க விளக்குகள் வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நடுவர்கள் அறையில் பந்தயத் தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். எதுர்னே அதை மூடினாள்.

"எட்டு கிலோமீட்டருக்குப் பந்தயத்துல துடைப்ப வண்டியே இல்ல," என்றாள். "தப்பு எங்களோடது. நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன், குண்டா இருக்கானேன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்தேன். துடைப்ப வண்டி வந்து சேராம நீங்க எப்படி முடிவுக் கோட்டை மூடுவீங்க? அவருக்குப் பின்னாடிதான நாங்க வந்தோம். ரொம்பப் பின்னாடி."

தலைவர் வெளியே நின்ற கார்களை ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டியில் ஏறிய மூன்று பேரைக் கழித்து, தொண்ணூற்றொன்றாவது இடத்தில் எவுசேபியோவின் பெயரை எழுதினார்.

கோல்தோ உள்ளே போகவில்லை. பந்தயச் சங்கத்தின் சமையல்கூடத்தில், அடுப்பை ஒட்டி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு கறுப்பு அவரைக் குழம்பைக் குடித்துக்கொண்டிருந்த எவுசேபியோவைத் தேடிப் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடப் பெருமை இனி இல்லை. அது போனதில் வருத்தம்கூட இல்லை. ஆள் உயிரோடு குழம்பு குடிக்கிறான், அது போதும். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லியாகவேண்டும்.

"உன்ன நான் கொன்னிருப்பேன்பா," என்றார். "வேற வார்த்தை இல்ல. இன்னியோட நான் அந்த வண்டிய விடறேன். என்ன மன்னிச்சிரு."

எவுசேபியோ கரண்டியைக் கீழே வைத்தார். குளிர் விட்ட முகத்தில் சிரிப்பு மெதுவாக வந்தது.

"பதினாலு வருசமா ஓட்டறேன் அண்ணே," என்றார். "எந்தப் பந்தயத்துல பாருங்க, என் பின்னாடி உங்க மாதிரி ஒரு வேனு மட்டுந்தான் வரும். என் வாழ்க்கைல என் பின்னாடி இத்தன பேர் வந்தது இன்னிக்குத்தான்."

கோல்தோ பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எவுசேபியோ ரொட்டியைப் பிட்டு, பாதியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.